கடலூரில் மூத்தோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டின் சொத்து வரியைக் குறைக்கும் வழிகள்

அறுபது வயதானால் சொத்து வரியில் பாதி தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி மாநகராட்சி அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிக்காதீர்கள். வீட்டுக்காரரின் வயதையோ மாற்றுத்திறனாளி அட்டையையோ மட்டும் பார்த்து வரியைக் குறைக்கும் பொது விதி தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் கிடையாது. ஆனால் கேட்காததாலேயே பலருக்குக் கிடைக்காமல் போகும் குறைப்புகள் உண்டு. கேட்டில் இருந்து வாசற்படி வரை நடக்கவே சிரமப்படுகிறவர்களுக்கு அவைதான் முக்கியம்.

எளிதானது 5 சதவீத ஊக்கத்தொகை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள் முதல் அரையாண்டையும் அக்டோபர் 31-க்குள் இரண்டாவதையும் கட்டினால், ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் கழியும். இந்தக் கழிவுக்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். சாதாரண வீடு எதுவும் அந்த வரம்பைத் தொடாது. அரையாண்டு வரி 2,000 என்றால் 100 ரூபாய் மிச்சம். தாமதமானால் மாதம் 1 சதவீதம் கூடும். பழைய பாக்கி இருந்தால் கட்டும் பணம் முதலில் அதற்கே போய்விடும். எனவே பாக்கியை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். குடிநீர், பாதாள சாக்கடைக் கட்டணங்களை இந்த 5 சதவீதத்தோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

பணம் கட்ட வீட்டுக்காரர் நேரில் போக வேண்டியதில்லை. வரிவிதிப்பு எண் தெரிந்தால் மகனோ மருமகளோ வெளியூரிலிருந்தே இணையத்தில் கட்டலாம். பில் கலெக்டரிடம் கட்டினால் அச்சிட்ட ரசீதைக் கையோடு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உண்மையான பணம் நிற்பது அளவிலும் பயன்பாட்டிலும்தான். 2022 சொத்து வரிச் சீரமைப்பில் குடியிருப்புகளுக்கு வரி உயர்வு பரப்பளவைப் பொறுத்தது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பழைய வரி 1,000 ரூபாயாக இருந்த வீட்டைப் பாருங்கள். 1,190 சதுர அடி என்றால் 1,500. யாரோ அளந்து 1,220 என்று எழுதியிருந்தால் 1,750. முப்பது சதுர அடிக்கு அரையாண்டு தோறும் 250 ரூபாய்! எனவே கேட்பு அறிவிப்பில் (வரி கட்டச் சொல்லி மாநகராட்சி அனுப்பும் தாள்) உள்ள பரப்பைக் கட்டட அனுமதி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பின்னால் இறக்கிய தகரக் கொட்டகை, இடித்துவிட்ட பழைய அறை போன்றவை கணக்கில் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பு தெரிந்தால் ஆணையருக்கு மனு எழுதி மறு அளவீடு கேளுங்கள். அறிவிப்பில் குறித்துள்ள கெடுவுக்குள் கொடுத்தால் தள்ளிப்போடச் சாக்கு இருக்காது.

பயன்பாட்டில் தவறு இன்னும் அதிகம். திருப்பாதிரிப்புலியூரிலும் முதுநகரிலும் திண்ணைப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்த வீடுகள் பல. கடையை மூடி எத்தனை வருடமானாலும் ஏட்டில் வணிகம் என்றே இருக்கும். வணிகக் கட்டடத்துக்கு 2022-ல் உயர்வு 100 சதவீதம். முதலில் மின்வாரியத்தில் அந்த இணைப்பை வீட்டு விகிதமான 1ஏ-வுக்கு மாற்றுங்கள். அந்தப் பில்லின் நகல், மூடிய கடையின் புகைப்படம், கடைசி வரி ரசீது மூன்றையும் இணைத்துப் பயன்பாட்டு மாற்றம் கேளுங்கள். மின் பில் வணிகத்திலேயே இருந்தால் மனு அங்கேயே முட்டி நிற்கும்.

கணவர் இறந்து வரி இன்னும் அவர் பெயரில் வந்தால், சலுகையும் திருத்தமும் கேட்கும்போதெல்லாம் இழுபறிதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல், கடைசி ரசீது வைத்துப் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். பட்டா மாறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், அது வருவாய்த்துறை, இது மாநகராட்சி. இனிஷியல் ஆதாரில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ராணுவப் பணியில் ஊனமுற்றவர்களும், போரில் இறந்தவர்களின் மனைவியரும் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் வீட்டு வரி உதவி பற்றிக் கேட்க வேண்டும். மாநகராட்சிக் கவுண்டரில் இதற்குப் பதில் கிடைக்காது.

மேலே சொன்னவை மாநகராட்சி எல்லைக்கு மட்டும். புறநகரில் ஊராட்சி வீட்டு வரி என்றால் தனிக் கணக்கு. முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் வீடு இருந்தால் அங்கே 1973 புதுச்சேரிச் சட்டங்கள்தான், தமிழ்நாட்டு ரசீதைக் காட்டிப் பேச முடியாது.

வரிச் சுமைக்குப் பயந்து வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவைப்பவர்களும் உண்டு. அதனால் வரி ஒரு ரூபாய்கூடக் குறையாது. எழுதியே தீர வேண்டுமானால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தானப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கைவிட்டால், 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டி அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க அந்த நிபந்தனை கைகொடுக்கும்.