மும்பையில் கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைக்க

சயான் மார்க்கெட்டில் போய் "கொடுவா இருக்கா" என்று கேட்டால் புரியாது. மீன் விற்கும் கோளி மீனவப் பெண்களிடம் "ஜிதாடா" என்று கேளுங்கள். தூத்துக்குடியிலிருந்து தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்தப் பேர் தெரியாமல் இரண்டு வருஷம் கொடுவா இல்லாமலே இருந்தேன்.

பேர் சொல்லிக் கேட்டாலும் முழு மீனைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கண்ணுக்கு மேலே நெற்றி பள்ளமாக உள்வாங்கியிருக்கும். வாய் பெரிசு, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். வால் விசிறி மாதிரி வளைந்து முடியும். தோலுரித்த துண்டமாக இருந்தால் பாசா என்கிற மலிவான மீனையும் கொடுவா என்று தந்துவிடலாம், நமக்குத் தெரியாது.

செவுளைத் தூக்கும்போது விரல் பத்திரம். அந்த ஓரம் ரம்பப் பல் மாதிரி கிழிக்கும். பிறகு வயிற்றை மோந்து பாருங்கள். கொடுவாக் குஞ்சு அலையாத்தி ஓடைகளில் வளர்வது. இங்கே ஓடைகளில் சாக்கடையும் எண்ணெயும் கலக்கிறது. மண்ணெண்ணெய் வாடை லேசாக அடித்தாலும் வைத்துவிடுங்கள். எவ்வளவு புளி ஊற்றினாலும் அது போகாது.

ஒன்றரை, இரண்டு கிலோ மீன்தான் குழம்புக்கு ருசி. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். எட்டு, பத்துக் கிலோவில் கிடப்பது பெரும்பாலும் முட்டையிடுகிற தாய். அதை வாங்க எனக்கு மனசு வராது, நீங்களும் வாங்காதீர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது அலிபாக் பக்கத்துக் குளத்து ஜிதாடா வந்தால் அதைக் கேளுங்கள்.

வீட்டில் முதலில் கத்தரிக்கோலால் முதுகுமுள்ளை வெட்டிவிடுங்கள். செதில் தடிமன், சமையலறை முழுக்கத் தெறிக்கும். வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டுங்கள். நடுமுள்ளை ஒட்டிய கறுப்பு ரத்தத்தை நகத்தால் கீறி எடுங்கள், கவிச்சி அங்கேதான் இருக்கிறது. கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி இரண்டு தண்ணீரில் அலசுங்கள்.

குழம்புக்குத் தாராவியில் குயவர்கள் இருக்கிற கும்பார்வாடாவின் மண்சட்டி. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துப் புளிக்கரைசலில் விட்டு, பச்சை வாடை போகக் கொதித்த பிறகு தலையை முதலில் போடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்துத் துண்டங்கள். அதற்குமேல் கரண்டி வேண்டாம், துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று. ஏழெட்டு நிமிஷத்தில் சதை வெள்ளையாகிவிடும். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு இறக்கிவிடுங்கள், சட்டிச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும்.