கே ஆண்களின் இசையைத் தேடிப் பிடிப்பது எப்படி? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு செய்முறை

கே ஆண்கள் என்றால் ஆணை விரும்பும் ஆண்கள். அவர்களுடைய இசையைத் தேடும் வழியை, சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த ஒரு விபத்தால்தான் எழுதுகிறேன். அம்மா தொலைக்காட்சியில் முருகன் பாட்டு தேடினார். முருகனுக்குப் பக்கத்திலேயே, இரண்டு ஆண்கள் முத்தமிட்டுக்கொள்ளும் அட்டைப்படங்களோடு ஏழெட்டுப் பாட்டுகள் வரிசைகட்டி நின்றன. எல்லாம் முந்தைய இரவு நான் கைப்பேசியில் தேடியதன் பலன். தங்கை ரிமோட்டைப் பிடுங்கி வேறு பக்கத்துக்கு மாற்றினாள். அன்றிரவு மொட்டைமாடியில், "அண்ணா, முதலில் உன் கணக்கைத் தனியாகப் பிரித்துக்கொள். அப்புறம் எதை வேண்டுமானாலும் கேள்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆகவே முதல் படி தேடுவது அல்ல, கணக்குப் பிரிப்பது.

படி 1: தனிக் கணக்கு

இசைக்கென்று புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்குங்கள். அந்தக் கணக்கைக் கைப்பேசியில் மட்டும் வையுங்கள், வீட்டுத் தொலைக்காட்சியில் ஒருபோதும் நுழைக்காதீர்கள். நீங்கள் சேர்க்கும் பாட்டுப் பட்டியலைத் தனிப்பட்டதாக மாற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை இசைச் செயலி வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் தனிப்பட்ட அமர்வை இயக்கினால், நீங்கள் கேட்பது உங்களைப் பின்தொடரும் அத்தை மகனுக்குத் தெரியாது.

காதில் மாட்ட கம்பியுள்ள இயர்போன்தான் என் தேர்வு. புளூடூத் நம் அனுமதி கேட்காமல் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரோடு உறவு கொண்டாடும். கம்பி அப்படிச் செய்யாது, விலையும் குறைவு. வீட்டில் சொல்லிவிட்டவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். உங்கள் மேல் எனக்குப் பொறாமைதான்.

படி 2: நான் ஒரு மாதம் மாட்டிக்கொண்ட இடம்

'கே பாட்டுகள்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். வந்தவற்றில் பாதி பெண்கள் பாடியவை. குளோரியா கேய்னர், மடோனா, கைலி மினோக். அருமையான பாட்டுகள்தான், நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஓர் ஆண் இன்னோர் ஆணை நினைத்துப் பாடும் குரல். அது அங்கே இல்லை. இன்னொரு தொல்லை, பழைய ஆங்கிலப் பாட்டுகளில் 'கே' என்றால் வெறுமனே மகிழ்ச்சி. அப்படிப்பட்ட எழுபது, நூறு வருடப் பழைய உற்சாகப் பாட்டுகளை எல்லாம் கேட்டுத் தொலைத்தேன்.

பிறகுதான் விளங்கியது. கே ஆண்கள் விரும்பிக் கேட்பது ஒரு கூடை, கே ஆண்கள் ஆக்கியது வேறொரு கூடை. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டையும் தனித்தனியாக எழுதிவாருங்கள். சில பெயர்கள் இரண்டிலும் விழும். சில்வெஸ்டர் அப்படி. 1978-இல் டிஸ்கோ உலகையே ஆட்டிவைத்த சான் பிரான்சிஸ்கோ பாடகர், தன்னை ஒருநாளும் ஒளித்துக்கொள்ளாதவர். 1988-இல் எய்ட்ஸ் அவரைக் கொண்டுபோனது. தன் பாட்டுகளின் வருமானத்தை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

சிகாகோவில் பிரான்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றிய 'வேர்ஹவுஸ்' நடன விடுதியும் இரண்டு கூடையிலும் சேரும். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் கே ஆண்கள் கூடி ஆடிய இடம் அது. இன்று கல்யாண மண்டபம்வரை வந்துவிட்ட 'ஹவுஸ்' நடன இசைக்கு அந்தக் கட்டடத்தின் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது.

படி 3: உங்களுக்குப் பழகிய இசையிலிருந்து தொடங்குங்கள்

'கே இசை' என்று தனி வகை எதுவும் கிடையாது. எல்லா வகைக்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். டிஸ்கோ பிடிக்காதவர் டிஸ்கோவில் தொடங்கினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்.

நான் சிறுவனாக இருந்தபோது பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் வீட்டுக்கு டியூஷன் போவேன். ஞாயிறு தவறாமல் அங்கே ஜிம் ரீவ்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டு ஒலிக்கும். அப்படி என் காதில் ஏறியது கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசை. அதே வகையில் கே பாடகர் உண்டா என்று தேடியபோது 'லாவண்டர் கன்ட்ரி' கிடைத்தது. பாட்ரிக் ஹாகர்ட்டி என்பவர் 1973-இல் சியாட்டில் நகரில் வெளியிட்ட தொகுப்பு, அச்சிட்டது வெறும் 1,000 பிரதிகள். கன்ட்ரி இசையில் வெளிப்படையாகக் கே வாழ்வைப் பாடிய முதல் தொகுப்பு என்று அதைச் சொல்கிறார்கள். நெடுநாள் கிடப்பில் கிடந்து 2014-இல் மறுபடி வெளிவந்தது. அதிலிருந்து முகமூடி அணிந்து பாடும் ஆர்வில் பெக் வரை வந்துசேர எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது.

மெட்டல் பிரியர்களுக்கு ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்ட் (தான் கே என்று 1998-இல் வெளியே சொன்னார்). பங்க் வேண்டுமானால் பான்சி டிவிஷன். ஆர் அண்ட் பி என்றால் பிராங்க் ஓஷன். ராப் கேட்பவர்களுக்கு லில் நாஸ் எக்ஸ், அவர் பாட்டு 2019-இல் அமெரிக்கப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தபோதே தன்னைப் பற்றிச் சொன்னவர்.

படி 4: சின்ன எழுத்தைப் படியுங்கள்

நம் ஊரில் பாட்டென்றால் நடிகர் பெயரைச் சொல்வோம், மிஞ்சினால் இசையமைப்பாளர். எழுதியவரை யார் கேட்கிறார்கள்? அதே கதைதான் அங்கும். 'டேக் தி ஏ டிரெயின்' என்ற ஜாஸ் பாட்டைக் கேட்ட எல்லோரும் அதை இசைத்த குழுவின் தலைவர் டியூக் எலிங்டன் பெயரைச் சொல்வார்கள். ஆக்கியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். 1940-களின் நியூயார்க்கில் ஒளிவுமறைவின்றி ஆண் துணையோடு வாழ்ந்த கறுப்பினக் கலைஞர். எலிங்டனின் நிழலில் நின்றதால் வெளியே தெரியாமல் போனார்.

எனவே பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, பங்களித்தவர் பெயர்களைப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால் இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் இசைத்தட்டின் பின்னட்டைப் படமே இருக்கும். செயலி தானாகத் தரும் பட்டியல்களைவிட எனக்கு உகந்தது 'குயர் மியூசிக் ஹெரிடேஜ்'. ஹூஸ்டனில் ஜே.டி. டாயில் 2000-இல் தொடங்கிய வானொலி நிகழ்ச்சியின் இணையச் சேமிப்பு அது. பக்க வடிவமைப்பு பழைய ரேஷன் கார்டு மாதிரி இருக்கும், சரக்கு தங்கம்.

படி 5: 'நீ'யை நம்பாதீர்கள்

தமிழில் 'நீ', 'உன்' என்று பாடினால் எதிரே இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. 'வந்தான்', 'வந்தாள்' என்னும்போதுதான் குட்டு உடையும். ஆங்கிலத்திலும் 'நீ' அப்படியே. 1980-களில் பலர் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தார்கள். பெட் ஷாப் பாய்ஸ் குழுவின் நீல் டென்னன்ட் 1994-இல்தான் வெளியே சொன்னார். அதை அறிந்த பிறகு அவர்களுடைய பழைய பாட்டுகளைத் திரும்பக் கேளுங்கள், வேறு பாட்டாக ஒலிக்கும்.

எதிர்மாறான உதாரணம் பிரான்ஸ்கி பீட் என்ற பிரிட்டிஷ் குழு. 1984-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பின் உள்ளுறையில், எந்த நாட்டில் எந்த வயதில் ஆண்கள் சட்டப்படி சேரலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். பிரிட்டனில் அப்போது மற்றவர்களுக்கு 16, கே ஆண்களுக்கு 21. ஆண்கள் சேர்வதைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவிலிருந்து நம்மை விடுவிக்க நம் உச்ச நீதிமன்றத்துக்கு 2018 செப்டம்பர் 6 வரை ஆனது. அதே தொகுப்பில் உள்ள 'ஸ்மால்டவுன் பாய்' வீட்டைவிட்டு ரயிலேறும் பையனைப் பற்றியது. கொருக்குப்பேட்டை தாண்டி பேசின் பிரிட்ஜில் ரயில் சிக்னலுக்காக நிற்கும்போது அதைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன், எதிர் இருக்கையில் மீன்கூடையோடு இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஒரு வேண்டுகோள். தன்னைப் பராங்குச நாயகி என்ற பெண்ணாக எண்ணி நம்மாழ்வார் திருமாலுக்காக ஏங்குவதை இந்தப் பட்டியலில் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். அது பக்தியின் தனி வழி. பெட்டியில் அடங்காதவர்களை இழுத்து அடைப்பதும் வேண்டாம். ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி ஆலயத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பார்சியான, 'குயீன்' ராக் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி நினைவு வரும். அவர் வாழ்வில் காதலியும் உண்டு, காதலனும் உண்டு. நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: எண்ணூரிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுதினார். நான் இங்கே தமிழில் எழுதிய பெயர்களை அப்படியே இசைச் செயலியில் தட்டியிருக்கிறார். தவறு என்னுடையது. குரல் தேடலைச் சொன்னேன். "ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறோம், சத்தமாகச் சொல்வதா?" என்று திருப்பிக் கேட்டார். நியாயம். தேடுபொறியில் தமிழிலேயே தட்டி, வரும் ஆங்கில எழுத்துக்கூட்டலை நகலெடுத்துச் செயலியில் ஒட்டுங்கள். ஹாகர்ட்டி அப்படித்தான் அவருக்கு அகப்பட்டார்.