ட்ரெயில் ஓட்ட டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்கை செட் பண்றப்ப எங்கெங்க கோட்டை விடுறாங்க

டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் கொஞ்சம் முரண்டு பண்ணினா போதும், எல்லாரும் முதல்ல கை வைக்கிறது மெயின் ஜெட்ல, அதாவது கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற பெரிய துளை ஜெட்ல தான். 175 நம்பர் ஜெட் இருந்துச்சு, 170 போட்டேன், கீழ (ஆக்சிலேட்டரை கொஞ்சமா முறுக்குறப்ப) இன்னும் அடைச்சுக்கிட்டு தான் வருது, அடுத்து 165 போடவான்னு கேப்பாங்க. மெயின் ஜெட் முழுசா வேலை பாக்குறது ஆக்சிலேட்டரை முக்காலுக்கு மேல முறுக்கினா தான். மோட்டோகிராஸ் ட்ராக்ல ஓட்டுறவனுக்கு அது முக்கியம், ஆனா பாறை, வேரு, செங்குத்து ஏத்தம், குறுகலான வளைவுன்னு ட்ரெயில்ல போறப்ப பெரும்பாலான நேரம் ஆக்சிலேட்டர் பாதியைக் கூட தாண்டாது. அந்த இடத்துல பெட்ரோல் அளக்குறது பைலட் ஜெட் (ஐடிலுக்கான சின்ன ஜெட்), ஏர் ஸ்க்ரூ (அதுக்கு காத்து விடுற திருகு), ஸ்லைடு (ஆக்சிலேட்டர் தூக்குற கதவு), நீடில் (ஸ்லைடுல தொங்குற ஊசி) இந்த நாலும் தான். இதை தொடாம மெயின் ஜெட்டா மாத்திக்கிட்டே போனா கீழ இருக்குற பிரச்சனை அப்படியே இருக்கும், மேல மட்டும் லீன் (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி) ஆகி ஒருநாள் நீளமான மேட்டுல ஃபுல் த்ராட்டில்ல பிஸ்டன் போயிடும்.

சரி, அப்ப நேரா பைலட் ஜெட்டுக்கு போகலாமான்னா அதுவும் கூடாது. முதல்ல எங்கயாச்சும் காத்து லீக் இருக்கான்னு பாக்கணும். டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்கு கீழ இருக்குற அறை) தான் பம்பு, கார்புரேட்டருக்கு அந்தப்பக்கம் எந்த ஓட்டை இருந்தாலும் கணக்குல வராத காத்தை உள்ள இழுத்துக்கும், கலவை லீன் ஆயிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் டக்குனு இறங்காம மேலயே தொங்கிக்கிட்டு நின்னா சந்தேகப்படுங்க. மேக்னட் பக்க கிராங்க் சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற ரப்பர், பேஸ் கேஸ்கெட், இந்த மூணும் தான் வழக்கமான குத்தவாளிங்க. கிளட்ச் பக்க சீல் போனா கதையே வேற, கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், வெள்ளையா புகை தள்ளும், ஆயில் லெவல் குறைஞ்சுக்கிட்டே வரும், அதைப் பாத்துட்டு பெட்ரோல்ல கலக்குற 2டி ஆயில் ஜாஸ்தியா போச்சுன்னு நினைச்சு ஆயிலைக் குறைக்கிறவங்க இருக்காங்க, அதான் கொடுமை. லீக்கை கண்டுபிடிக்க எக்ஸாஸ்ட், இன்டேக் ரெண்டையும் அடைச்சிட்டு சுமார் 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தி கேஜை பாத்தாலே போதும், சில நிமிஷம் அப்படியே நிக்கணும், இறங்கினா சோப்புத் தண்ணி தெளிச்சா எங்கன்னு முட்டை விட்டு காட்டிடும். இதை செய்யாம ஜெட்டை பெருசு பண்ணி சமாளிக்கிறது கூரை ஒழுகுதுன்னு கீழ பெரிய அண்டா வைக்கிற கதை தான்.

கூடவே ஏர் ஃபில்டர், ரீட் வால்வு (கலவையை உள்ள மட்டும் விடுற மெல்லிய தகடு) ரெண்டையும் பாத்துடுங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டரை கழுவி காய வெச்சு ஆயில் போடாம அப்படியே மாட்டினா தூசி நேரா சிலிண்டருக்குள்ள தான் போகும், ஃபில்டர் உக்கார்ற விளிம்புல கொஞ்சம் கிரீஸ் தடவணும், அதையும் பாதிப்பேர் விட்டுடுவாங்க. ரீட் ஓரத்துல சில்லு போயிருந்தாலோ வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா இடுக்கு தெரிஞ்சாலோ கிக் அடிச்சு அடிச்சு கால் தான் போகும், ஜெட்டிங்கே (ஜெட், நீடில் எல்லாம் பொருத்தி கலவையை சரி பண்றது) நிக்காது.

இப்ப ஏர் ஸ்க்ரூ. இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம், ஐடிலை கொஞ்சம் தூக்கி வெச்சுக்கிட்டு ஸ்க்ரூவை மெதுவா திருப்புங்க, ஆர்பிஎம் எங்க உச்சத்துல நிக்குதோ அதான் இடம். முழுசா மூடினதுலேர்ந்து ஒண்ணுலேர்ந்து ரெண்டு சுத்துக்குள்ள அந்த இடம் வந்தா பைலட் ஜெட் சரி. ஒரு சுத்து கூட வரலைன்னா பைலட் சின்னது, ஒரு சைஸ் பெருசு போடணும். ரெண்டரை சுத்து தாண்டியும் ஏறிக்கிட்டே போனா பைலட் பெருசு. ஃபோர் ஸ்ட்ரோக்லேர்ந்து வர்றவங்க இங்க தான் மாத்தி திருப்புவாங்க, அதுல இருக்குறது ஃப்யூவல் ஸ்க்ரூ, வெளிய எடுத்தா ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி) ஆகும். நம்மளது ஏர் ஸ்க்ரூ, வெளிய எடுத்தா காத்து ஜாஸ்தி, லீன் ஆகும். குளிர் இன்ஜின்ல, சோக் இழுத்து வெச்சுக்கிட்டு இதை பண்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

அடுத்து காதை நம்பணும். ரெண்டாவது கியர்ல மெதுவா உருட்டிக்கிட்டு போய் கால்வாசிக்கு சட்டுனு முறுக்குங்க. பட படன்னு கனமா இருமிட்டு அப்புறம் கிளியர் ஆனா ரிச், ஒரு நொடி ஊமையாகி மூச்சே விடாம முழுங்கிட்டு அப்புறம் ஓடினா லீன். நீடில் கிளிப்பை மேலேர்ந்து எண்ணுவாங்க, கிளிப்பை கீழ் காடிக்கு மாத்தினா நீடில் மேல ஏறும், ரிச் ஆகும். ஒரு தடவைக்கு ஒரு காடி, ஒரு தடவைக்கு ஒரு மாத்தம். நிறைய பேர் ஒரே நாள்ல நீடில், பைலட், பிளக், ஆயில் விகிதம் நாலையும் மாத்திட்டு வண்டி நல்லாயிடுச்சும்பாங்க, எதனாலன்னு கேட்டா முழிப்பாங்க.

ஆயில் விகிதத்துல ஒரு பெரிய குழப்பம் ஊரு ஊரா ஓடிக்கிட்டு இருக்கு. ஆயில் ஜாஸ்தி ஊத்தினா ரிச்னு நினைக்கிறாங்க, உண்மையில தலைகீழ். ஜெட் வழியா போறது மொத்த கலவை, அதுல ஆயில் பங்கு கூடினா பெட்ரோல் பங்கு குறையுது, அதனால கொஞ்சம் லீன் பக்கம் தான் போகும். ஒரு லிட்டருக்கு 20 மில்லின்னா 50:1, 25 மில்லின்னா 40:1, சுமார் 31 மில்லின்னா 32:1. எதை எடுத்துக்குறதுன்னு மேனுவலை பாத்து முடிவு பண்ணிட்டு அதையே வெச்சு ஜெட்டிங் பண்ணுங்க, வாரத்துக்கு ஒண்ணு மாத்தினா ஜெட்டிங்கும் கூடவே ஓடும். பாட்டில் மூடியால குத்துமதிப்பா ஊத்துறது வேண்டாம், அளவு கப்பு பெரிய விலை இல்ல. தண்ணியில ஓடுற போட்டு இன்ஜினுக்குன்னு விக்கிற டிசி-டபிள்யூ3 ஆயிலையும் இதுல ஊத்தாதீங்க, ஜேசோங்கற ஜப்பான் தர அமைப்போட எஃப்டி தரத்துல இருக்குற 2டி ஆயில் நல்ல தேர்வு. சைலன்சர் நுனியில கருப்பா கொழகொழன்னு வடியுதேன்னு ஆயிலைக் குறைக்கிறதும் தப்பு, முக்காவாசி நேரம் அது பைலட்டும் நீடிலும் ரிச்சா இருந்து எரியாம போற கலவை, கீழ ஜெட்டிங்கை சரி பண்ணினா அதே ஆயில்ல வடியுறது குறைஞ்சுடும்.

உயரத்தையும் மறந்துடுறாங்க. மேட்டுப்பாளையத்துல பக்காவா ட்யூன் பண்ணின ஆர்எக்ஸ் 100 ஊட்டிக்கு மேல போனா மந்தமாகி இருமுறதை நிறைய பேர் பாத்திருப்பீங்க, ஊட்டி சுமார் 2240 மீட்டர், அங்க காத்து மெலிசு, அதே ஜெட் ரிச் ஆயிடும். வெயிலும் அப்படித்தான், சூடு ஏற ஏற ரிச் பக்கம் போகும். ஆபத்து இதுக்கு எதிர் திசையில: மேல சின்ன ஜெட் போட்டு சூப்பரா ஓடுதுன்னு அப்படியே கீழ சமவெளிக்கு கொண்டு வந்து விடியக்காலை குளிர்ல இழுத்தா லீன் ஆகி சீஸ் ஆயிடும், பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சுக்கும். இப்ப பங்க்ல வர்ற இ20 பெட்ரோலும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கலவையை கொஞ்சம் லீன் பக்கம் தான் தள்ளும், எத்தனால் தனக்குள்ளயே ஆக்சிஜன் வெச்சிருக்கு, வெளிநாட்டு ஜெட்டிங் சார்ட்டை பாத்து அப்படியே போடுறவங்க இதை கணக்குல எடுக்கணும்.

பிளக் அடிக்கடி கருத்துப்போய் அணைஞ்சா சூடான பிளக் போட்டு தப்பிக்கப் பாக்குறதும் வழக்கம். என்ஜிகே கம்பெனி பிளக்ல நம்பர் குறைய குறைய சூடான பிளக். யமஹா ஒய்இசட் 250க்கு பிஆர்8ஈஜி பிளக், அதை வெச்சே ஜெட்டிங்கை சரி பண்ணுங்க, பிளக் சூடு நோய்க்கு மருந்து இல்ல.

ஆர்எக்ஸ் பழக்கத்துல வர்றவங்களுக்கு தெரியாத சாமான் ஒண்ணு இருக்கு, பவர் வால்வு. எக்ஸாஸ்ட் போர்ட்டோட உயரத்தை ஆர்பிஎம்முக்கு தகுந்த மாதிரி மாத்துற கதவு அது, கீழ மூடியிருந்து இழுவை குடுக்கும், மேல தொறந்து பவர் குடுக்கும். கரி பிடிச்சு தொறந்த நிலையில ஒட்டிக்கிட்டா கீழ செத்தே போயிடும், மூடின நிலையில ஒட்டிக்கிட்டா மேல ஏறவே ஏறாது. ஆனா ஆளுங்க அதுக்கும் கார்புரேட்டரைத் தான் கழட்டுவாங்க! கேடிஎம் 250, 300 கார்புரேட்டர் மாடல்கள்ல பவர் வால்வு ஸ்ப்ரிங் கலர் கலரா வரும், பச்சை போட்டா பவர் சாதுவா வரும், சிவப்பு போட்டா வெடுக்குனு வரும். ஈரப் பாறையில சிவப்பு போட்டு பின் சக்கரத்தை சும்மா சுத்த விட்டுக்கிட்டு பைக்ல பவர் பத்தலைன்னு சொல்றவங்களை என்ன சொல்றது.

எக்ஸாஸ்ட் பைப்பு விஷயமும் இதே தான். மேல் ஆர்பிஎம்ல பவர் குடுக்குற டாப் எண்ட் பைப்பு வாங்கி மாட்டினா கீழ இருந்த இழுவையும் போயிடும், ட்ரெயிலுக்கு வேணும்னா கீழ இழுவை குடுக்குற டார்க் (torque) பைப்பு பாருங்க, இல்ல பேசாம கம்பெனி பைப்பே இருக்கட்டும். அந்தக் காசுக்கு முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு குறைச்சு, மோட்டோகிராஸ் பைக்கா இருந்தா ஃப்ளைவீல் வெயிட் (இன்ஜினோட சுழல் சக்கரத்துல மாட்டுற கூடுதல் எடை) ஒண்ணு போட்டா மெதுவா ஏறுறப்ப சடக்குனு ஆஃப் ஆகுறது குறையும். முன்னாடி ஒரு பல்லு குறைக்கிறது பின்னாடி மூணு நாலு பல்லு ஏத்துற மாதிரி. கியர்பாக்ஸ்ல கார் இன்ஜின் ஆயில் ஊத்துறதையும் இதோட நிறுத்திக்கோங்க, அதுல இருக்குற வழுக்கு மருந்துல கிளட்ச் ஸ்லிப் ஆகும், ஜேசோ எம்ஏன்னு போட்டிருக்குறதை வாங்குங்க.

சஸ்பென்ஷன்ல நம்மாளுங்க செய்ற தப்பு வேற மாதிரி, கிளிக்கரை (டேம்பிங் திருகை) திருப்புவாங்க, சாக் (sag, எடைக்கு சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குதுங்கறது) அளக்க மாட்டாங்க. பின் சக்கரம் தொங்குற மாதிரி ஸ்டாண்டுல வெச்சு ஆக்சில்லேர்ந்து நேர் மேல ஃபெண்டர்ல ஒரு புள்ளி வரைக்கும் அளங்க, அப்புறம் பைக் தன்னால நிக்கிறப்ப, அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ், தண்ணிப் பை எல்லாம் மாட்டிக்கிட்டு நீங்க ஏறினப்ப. ஆளோட இறக்கம் பெரிய பைக்குக்கு 100லேர்ந்து 110 மில்லிமீட்டர், பைக் மட்டும் இறங்குறது 30லேர்ந்து 40. ஆள் கணக்கு சரியா வந்தும் பைக் தனியா 30 கூட இறங்கலைன்னா ஸ்ப்ரிங் கடினம்னு தான் தோணும், இல்ல, ஸ்ப்ரிங் உங்களுக்கு சாஃப்ட்டு. உங்க எடையைத் தாங்க அதை ரொம்ப இறுக்க வேண்டியதாயிடுச்சு, அதான் பைக்கோட சொந்த எடைக்கு அசைய மாட்டேங்குது. 40க்கு மேல போனா ஸ்ப்ரிங் கடினம். இந்த பைக்குங்க பெரும்பாலும் 75, 80 கிலோ ஆளை மனசுல வெச்சு வர்றது, நம்மள்ல 60 கிலோ ஆளுங்க நிறைய, அவங்களுக்கு கிளிக்கரை எவ்வளவு தொறந்தாலும் பாறை மேல முன் சக்கரம் தெறிச்சுக்கிட்டே தான் இருக்கும், ஸ்ப்ரிங்கை மாத்தணும். ஸ்ப்ரிங் சரியா இருந்தா கம்ப்ரெஷன் கிளிக்கரை நாலஞ்சு கிளிக் தொறந்து பாருங்க, எப்பவும் முழுசா மூடினதுலேர்ந்து எண்ணி, எத்தனையில இருந்துச்சுன்னு எழுதி வெச்சுட்டு. முன் சக்கரம் தரையில படாம நிக்கிறப்ப ஃபோர்க் உச்சில இருக்குற காத்து ஸ்க்ரூவை தொறந்து உள்ள சேர்ந்த காத்தை வெளிய விடுறதுக்கு காசே ஆகாது.

டயர்ல டியூப் போட்டிருந்தா 12, 13 பிஎஸ்ஐ, பாறை ஜாஸ்தின்னா இன்னும் குறைக்க ஆசைப்பட்டா ரிம்ல அடி வாங்கி பஞ்சர் தான். லீவரை ரொம்ப இறுக்காதீங்க, விழுந்தா சுத்திக்கட்டும், உடைய வேண்டாம். செயினை சைடு ஸ்டாண்டுல நிக்கிறப்ப டைட்டா வெச்சா சஸ்பென்ஷன் இறங்குறப்ப இன்னும் டைட் ஆகும், அதனால மேனுவல்ல சொன்ன தொய்வு கண்டிப்பா இருக்கணும்.

ஓட்டுறதுல ரெண்டு விஷயம். குளிர் இன்ஜினை கிக் அடிச்ச உடனே முறுக்காதீங்க, அலுமினிய பிஸ்டன் சிலிண்டரை விட வேகமா விரியும், ரெண்டு மூணு நிமிஷம் மெதுவா உருட்டி ரேடியேட்டர் கைக்கு சூடு தெரிஞ்சதும் முறுக்குங்க. நீளமான இறக்கத்துல ஆக்சிலேட்டரை முழுசா மூடிட்டு கியர்ல இறங்கினா இன்ஜின் வேகமா சுத்தும், ஆனா கலவை வராததால ஆயிலும் வராது, நடுநடுவுல கிளட்ச் பிடிச்சு ஒரு தடவை ரேஸ் பண்ணி விடுங்க. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு எடுக்க மாட்டோம்னு தெரிஞ்சா பெட்ரோலை ஆஃப் பண்ணி கார்புரேட்டர் பவுலை காலி பண்ணிட்டு நிறுத்துங்க, பைலட் ஜெட் ஓட்டை அவ்வளவு சின்னது, காஞ்ச பெட்ரோல் படிஞ்சாலே அடைச்சுக்கும், அடுத்த தடவை மறுபடி ஜெட்டிங் போயிடுச்சுன்னு ஆரம்பிப்பீங்க.