செம்மண்ணுக்குள் ஒளிந்திருந்த ஈரநிலம்

ஈரநிலமா என்று பார்க்க, சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக்குப் போனேன். மேலே கோரை மண்டிக் கிடக்க, தோண்டினால் வெறும் செம்மண். மாதக்கணக்கில் நீர் நின்ற மண் சாம்பல் நிறமாகியிருக்க வேண்டுமே! 'ஈரநிலமல்ல' என்று குறித்தும் மனசு ஒப்பவில்லை. செம்மண்ணுக்குச் சிவப்பைத் தரும் ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம் லேசில் நிறம் விடாது.

கார்த்திகையில், தண்ணீர் தேங்கி மூன்று வாரம் கழித்துத் திரும்பப் போனேன். ஒரு சாண் ஆழத்துக் கட்டியைக் கையால் பிட்டேன். கோரைவேரைச் சுற்றி மெல்லிய துருக்கோடு. ஃபெரஸ் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் டைபிரிடில் என்ற வேதிப்பொருளின் கரைசலில் நனைத்த வெள்ளை வடிதாளை அந்தப் புது முகத்தில் உடனே அழுத்தினேன். கரைசலை நேரே மண்ணில் சொட்டினால் செம்மண்ணில் நிறம் தெரியாது. தாள் இளஞ்சிவப்பானது. ஃபெரஸ் இரும்பு, அதாவது ஆக்சிஜன் இல்லாத மண்ணில் கரையும் இரும்பு! அங்கே ஆக்சிஜன் தீர்ந்திருக்கிறது. என் குறிப்பை அன்றே திருத்தினேன்.

மண்வெட்டி பட்ட இடத்தில் சோதிக்கவே சோதிக்காதீர்கள். மண்வெட்டியின் இரும்பே தாளைச் சிவக்க வைத்துவிடும்.