பிசினஸ் ஆசையோட ஐடி லைன் எடுக்குறவங்களுக்கு

எந்த புரோகிராமிங் லாங்குவேஜ் படிக்கலாம்னு அப்புறம் பாக்கலாம், யாரு காசு குடுப்பாங்கன்னு முதல்ல பாருங்க தம்பி. ரங்கூன்ல நம்மாளுங்க மளிகைக் கடையில ஒரு நாள் கல்லா பக்கத்துல நில்லுங்க, சரக்குக் கணக்கு நோட்டுல, கேபிஇசட் பேங்கிற பேமெண்ட் ஆப்ல வந்த பணம் போன்ல, கடன் பாக்கி முதலாளி தலைக்குள்ள, சாயங்காலம் மூணும் ஒத்தே போகாது, உங்க பிசினஸ் அங்கதான் இருக்கு.

அதனால மொபைல் ஆப், டேட்டாபேஸ் பக்கம் போங்க. ஏஐ ரிசர்ச்செல்லாம் நல்லதுதான், தனியா தொழில் போட அது லேட்டாகும்னு என் கருத்து. இன்னொண்ணு, 2019 அக்டோபர் 1ல பர்மிய எழுத்தை கம்ப்யூட்டர்ல அடிக்க பர்மா அதிகாரபூர்வமா யூனிகோடுங்கிற உலகப் பொது முறைக்கு மாறியாச்சு, ஆனா பழைய ஃபைல்ல ஜோஜிங்கிற பழைய பர்மிய ஃபான்ட்ல அடிச்சது கிடக்கும், ரெண்டும் கலந்தா பேரைத் தேடினாலும் சிக்காது, அதை ஒழுங்கா மாத்தத் தெரிஞ்சா தனி மவுசு. கரண்ட் எப்ப போகும்னே தெரியாத ஊரு வேற, ஆப் ஆஃப்லைன்ல ஓடி நெட் வந்ததும் சிங்க் ஆகணும்.

வேலைக்கு சின்ன கம்பெனியா பாருங்க, அங்கதான் கோடு எழுதுறதுலேர்ந்து பாக்கி வசூல் வரைக்கும் உங்க தலையில விழும். சம்பளம் வரும்போதே ஒரு கடைக்கு செஞ்சு குடுங்க, ஃப்ரீயா வேணாம், கொஞ்சமாவது வாங்குங்க, ஆபீஸ் அக்ரிமெண்ட்ல சைடு வேலைக்குத் தடை இருக்கான்னு மட்டும் படிச்சிடுங்க.