மெஷின் புதுசுதான், குடல் சுத்தமா?

கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் 'அங்கே ஏஐ இருக்கிறதா?' என்று விசாரிக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் மலத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் பாலிப்பை, அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சதைக்கட்டியை, எந்த ஏஐயும் கட்டம் போட்டுக் காட்டாது. கேமரா முன்னால் வந்தால்தான் அதற்கும் தெரியும்.

அதிகம் நடக்கிற தவறு பேதி மருந்தில். பாதியை முந்தின நாள் மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வார்கள். விடியற்காலையில் யார் எழுந்திருப்பது என்று பலர் ராத்திரியே மொத்தத்தையும் முடித்துவிடுகிறார்கள். காலைக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் இறங்கி வலப்பக்கப் பெருங்குடலில் பூசிக்கொள்ளும். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரித் தட்டையாக, வெளிறிய நிறத்தில், மேலே மஞ்சள் சளியோடு ஒரு வகைப் பாலிப் இருக்கிறது. செரேட்டட் பாலிப் என்பார்கள். அது அதிகம் வருவதும் அதே வலப்பக்கத்தில்தான்! இரும்புச்சத்து மாத்திரை, விதையுள்ள கொய்யா இவற்றையும் எப்போது நிறுத்துவது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து என்பிஐ, அதாவது குறிப்பிட்ட சில அலைநீள ஒளியில் குடலைப் பார்க்கும் முறை. 415, 540 நானோமீட்டர் அலைநீள ஒளியை மட்டும் பாய்ச்சுவார்கள். அதை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் மேல்மட்ட நுண்குழாய்கள் பழுப்பாக எடுப்பாகத் தெரியும். புற்றுநோயாகக்கூடிய அடினோமா என்ற பாலிப்பில் ரத்தக்குழாய் அதிகம், அதனால் சுற்றியுள்ள குடல்சுவரைவிடக் கருத்து நிற்கும். சுத்தமில்லாத குடலில் இந்த ஒளி உதவாது; பித்தநீரே ரத்தம் போலச் சிவப்பாகத் தெரியும். இன்னொரு தவறு, பாலிப் வெளிறியிருந்தால் 'டைப் 1 (வெளிறிய வகை), ஆபத்தில்லை' என்று விட்டுவிடுவது. மேலே சொன்ன செரேட்டட் பாலிப்பும் அப்படித்தான் வெளிறி இருக்கும்.

சாயம் தெளிப்பது பழைய முறை, ஆனாலும் எனக்குப் பிடித்தது. இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயம் திசுவுக்குள் போகாது. அம்மி பொளிந்த குழியில் மஞ்சள் தங்குவது போலப் பள்ளங்களில் தேங்கி மேடுபள்ளத்தைக் காட்டும். கழுவாமல் தெளித்தால் அழுக்குதான் நீலமாகும்.

சரி, நேரத்துக்கு வருவோம். 'பத்தே நிமிஷத்தில் முடிச்சிட்டார்' என்று சந்தோஷப்படாதீர்கள். பாலிப்பைத் தேடுவது பெரும்பாலும் குழாயை வெளியே இழுக்கும்போதுதான். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 12 மருத்துவர்களைக் கவனித்தார்கள். இழுக்கச் சராசரியாக 6 நிமிடமாவது எடுத்தவர்கள் 28.3 சதவீதம் பேரிடம் கட்டிகளைக் கண்டார்கள், அவசரக்காரர்கள் 11.8 சதவீதம் பேரிடம். இப்போது அங்கே சராசரி 8 நிமிடமாவது வேண்டும் என்கிறார்கள்.

குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்கான மதிப்பெண்ணான பாஸ்டன் ஸ்கோர் ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். பெருங்குடலின் மூன்று பகுதிக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒரு பகுதிக்காவது 2க்குக் கீழே போட்டிருந்தால், 'பாலிப் இல்லை' என்று எழுதியிருந்தாலும், மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.