உடலைப் பற்றிச் சிறு பிள்ளைகளிடம் பேசுவது எப்படி?

கண், காது, மூக்கு என்று பெயர் சொல்லப் பழகும் வயதிலேயே, ஆண்குறி, பெண்குறி என்ற பெயர்களையும் அதே குரலில், சிரிப்போ அதட்டலோ இன்றிக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். குளிப்பாட்டும் நேரம் இதற்கு ஏற்றது. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் பலர் நடுவே குளிக்க நேரும் நம் காவிரிக்கரை ஊர்களில், எந்த இடங்களைத் துணியால் மறைக்கிறோம், சுத்தம் செய்துவிடும் பெற்றோரும் அவர்கள் உடனிருக்கப் பரிசோதிக்கும் மருத்துவரும் தவிர மற்றவர் அவற்றை ஏன் தொடக்கூடாது என்பதை அங்கேயே விளக்கிவிடலாம்.

"பாப்பா எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், கொட்டிலில் பசு கன்று ஈனுவதைப் பார்த்த பிள்ளையிடம் கோயிலில் வாங்கினோம் என்ற கதை எடுபடாது. அம்மாவின் வயிற்றுக்குள் கருப்பையில் வளர்ந்தது என்பது ஐந்து வயதுக்குப் போதும். மேலும் கேட்டால் மேலும் சொல்லுங்கள்.

திருவிழாவுக்கு வந்த உறவினர் மடியில் உட்காரக் குழந்தை மறுத்தால், "மாமாதானே, போ" என்று வற்புறுத்தாதீர்கள். பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். வணக்கம் சொன்னாலே மரியாதை ஆயிற்று. தவறாகத் தொடுபவர் பெரும்பாலும் தெரிந்தவரே என்பதால், "யாரிடமும் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் அதை வீட்டில் சொல்லலாம் என்பதை அடிக்கடி நினைவூட்டுங்கள்.

குழந்தை ஏதேனும் சொன்னால், திட்டாமல், துருவித் துருவிக் கேட்காமல், 1098 என்ற உதவி எண்ணையோ காவல் நிலையத்தையோ அணுகுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சீருடை அணியாத காவலர் குழந்தையின் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் பெறலாம்.